ஏழாம் வருடத்துக் கடன்

தோடம்பழத்துக்காக ஏச்சு வாங்கியதில்தான் இது தொடங்கியது. வட லண்டனில் யூதர்களின் மரக்கறிக் கடை ஒன்றில் எனக்குப் பன்னிரண்டு வருட வேலை. அந்தக் குளிர்காலம் இஸ்ரேலில் இருந்து வந்த ஒரு பெட்டி ஆரஞ்சில் பாதி நசிந்திருந்தது. வழக்கம்போல் குப்பை வாளியில் கொட்டினேன். முதலாளியம்மா ஏசிக்கொண்டே ஓடி வந்து, வாளிக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனிப் பையில் கட்டினார்.

அது ஏழாம் வருடமாம். ஏழு வருடத்துக்கு ஒருமுறை அவர்களுடைய நாட்டில் நிலத்தை உழாமல், விதைக்காமல் சும்மா விட வேண்டும் என்பது வேதக் கட்டளை. அந்த வருடம் காய்ப்பது புனிதமானது, தோலைக்கூட அழுகும்வரை தனியாக வைத்திருந்துதான் எறிய வேண்டும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாறல் பழத்துக்கு இவ்வளவு மரியாதை, காலை ஆறு மணியிலிருந்து நிற்கிற எனக்கு இருக்க ஒரு கதிரை கிடையாது.

நிலத்தோடு நிறுத்தியிருந்தால் என் நிம்மதி கெட்டிருக்காது. அந்த வருடம் முடிகிற அன்று பொழுதுபட்டால், அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த கடனும் இல்லாமல் போய்விடும் என்றும் சொன்னார். கோவா வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏனென்றால் நானும் கடன் கொடுத்தவள். ஐந்து வருடத்துக்கு முன் என் தங்கச்சி லண்டனின் மறுபக்கம் நோர்பரியில் வீடு வாங்கியபோது மூவாயிரம் பவுண் காசு குறைந்தது. என் கலியாணக் காப்பு ஆறையும் விற்றுக் கொடுத்தேன். சீட்டுக் காசு என்று அவளிடம் பொய் சொன்னேன். ஒரு வருடத்தில் தருகிறேன் என்றவள், பிறகு போன் எடுப்பதை விட்டாள். விம்பிள்டன் கோயிலில் என்னைக் கண்டால் பூசை முடியுமுன் செருப்பைத் தேடுவாள். எனக்கு இங்கே இருக்கிற ஒரே கூடப்பிறந்தவள் அவள். காசு போனதா, தங்கச்சி போனாளா, எது கூடுதலாக நோகிறது என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு முதலாளியம்மாவை நான் நிம்மதியாக வேலை செய்ய விடவில்லை. அப்படியென்றால் ஏழாம் வருடம் கிட்ட வர வர எவன் கடன் கொடுப்பான் என்று கேட்டேன். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கடனையெல்லாம் தங்கள் மதநீதிமன்றத்திடம் ஒப்படைத்ததாக ஒரு பத்திரம் எழுதினால் அது அழியாது. இல்லாவிட்டால் ஏழைக்கு ஒருவரும் கொடுக்க மாட்டார்கள் என்று பழைய குருமார் செய்த ஏற்பாடாம். நல்ல கெட்டித்தனம் என்று சிரித்தேன். தான் இந்த முறை எழுதப் போவதில்லை என்று அவர் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. என் கதையைக் கேட்டுவிட்டு, உனக்கு இந்தச் சட்டமே இல்லை, உன்னுடைய கடன் அப்படியே இருக்கும் என்று என்னைத் தேற்றவும் பார்த்தார். அதில் எனக்கு என்ன தேற்றம்?

செப்டம்பரில் அவர்களுடைய புதுவருடம் பிறந்தது. அடுத்த கிழமை, பக்கத்துத் தெருவில் தையல் வேலை செய்யும் பெண் முதலாளியம்மாவிடம் வாங்கிய கடனை ஒரு கடித உறையில் கொண்டுவந்தாள். முதலாளியம்மா கையை நீட்டவில்லை. நான் விட்டுவிட்டேன் என்றார். இருந்தாலும் தருகிறேன் என்றாள் அவள். உடனே உறையை வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டார். இதென்ன நாடகம் என்று பிறகு கேட்டேன். அதுதான் முறையாம். கொடுத்தவர் முதலில் விட்டேன் என்று சொல்ல வேண்டும். வாங்கியவர் இருந்தாலும் தருகிறேன் என்றால், வாங்கிக்கொள்ளலாம்.

அட, இவ்வளவுதானா என்று எனக்குப் பட்டது. நான் விட்டேன் என்றால் அவளுக்கு வெட்கம் வரும், இருந்தாலும் அக்கா என்பாள், காசும் வரும், தங்கச்சியும் வருவாள். என் தலையில் குட்ட ஆளில்லாமல் போயிற்று.

சனிக்கிழமை எங்கள் கடை பூட்டு. என் வீட்டடி ரெய்னர்ஸ் லேனில் ரயில் ஏறி, இரண்டு தரம் மாறி நோர்பரிக்குப் போனேன். வழி முழுக்க ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். விக்டோரியாவில் வேறு ரயிலில் ஏறிவிட்டு உடனே இறங்கினேன். கதவைத் திறந்தவளின் முகம் வெளிறிவிட்டது. செருப்பைக் கழற்றுமுன்னே சொன்னேன்.

"அந்தக் காசை நான் விட்டிட்டன், பிள்ளை."

"உண்மையாவோ அக்கா?"

"ஓம்."

பிறகு நான் காத்திருந்தேன். அவள் படியில் குந்தியிருந்து அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். தேத்தண்ணி போட்டாள், ரோல்ஸ் பொரித்தாள். மனுசனுக்கு முதுகு நோவில் வேலை போனது, வீட்டுக் கடன் வட்டி ஏறினது, என்னைக் கண்டால் நெஞ்சு இடித்தது, எல்லாம் கொட்டினாள். ஐந்து வருடக் கதை. இடையில் எங்காவது இருந்தாலும் என்ற அந்தச் சொல் வருகிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மூன்று கோப்பை தேத்தண்ணி போயிற்று. வரவேயில்லை. அவளுக்குத் தெரியாதே, இந்த முறையில் அவளுக்கும் ஒரு வரி இருக்கிறது என்று! சொல்லிக் கொடுக்கவும் ஏலாது. உள்ளுக்குள் வெந்துகொண்டு ரோல்ஸ் தின்றேன்.

ஸ்டேஷன்வரை கூட வந்தாள். சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி ஒவ்வொரு சனியும் வர வேண்டும் என்றாள். டிக்கெட் கதவடியில் அவளுடைய விரல் என் மணிக்கட்டைத் தடவியது.

"எங்கை அக்கா காப்பு? நீங்கள் கழட்டவே மாட்டியளே."

அதோ, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள். ஒரு வார்த்தை போதும். அந்த இடத்திலேயே, இருந்தாலும் அக்கா என்பாள், வீட்டை விற்றாவது தருவாள். பிறகு கோயிலில் மறுபடி செருப்பைத் தேடுவாள்.

"ஈரத்துக்கை நிண்டு வேலை. கை வீங்குது. கழட்டி வைச்சிட்டன்."

"கவனம் அக்கா, கள்ளர் வருவாங்கள்," என்றாள்.

ஓம் என்று சொல்லி டிக்கெட் கதவைக் கடந்தேன். அந்தப் பக்கம் நின்று அவள் கையைக் காட்டிக்கொண்டேயிருந்தாள். நானும் வெறுங்கையைத் தூக்கிக் காட்டினேன்.