அத்தைக்கு வேர்க்காது

எங்கள் அத்தைக்கு வேர்க்கவே வேர்க்காது என்று மூன்றாம் வகுப்பு முழுக்க நான் சொல்லி வைத்திருந்தேன். ஆவடி வெயிலில் தார்ச்சாலையே இளகிக் கிடக்கும் நேரத்தில், ஏசி இல்லாத காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கும் அத்தையின் முதுகில் ஒரு பொட்டு ஈரம் தெரியாது. நம்பாதவர்கள் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சவால் விட்டேன். இரண்டு பேர் பள்ளி வாசலில் நின்று பார்த்துவிட்டும் போனார்கள். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை.

அத்தை, அப்பாவின் தங்கை. புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு வந்தவள், ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் எங்களோடு தங்கிவிட்டாள். ஏன் வந்தாள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எப்போது திரும்பிப் போவாள் என்பதை மட்டும் வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்டார்கள். பட்டாபிராமிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடும் பெரியப்பா, காபியை ஆற்றிக்கொண்டே, "ஒரு வார்த்த பேசி, இட்டுகினு போயி உட்டுட்டு வந்துர்லாம்டா" என்பார். அத்தை அப்போதுதான் ஏதோ அடுப்பில் வைத்த ஞாபகம் வந்ததுபோல உள்ளே போய்விடுவாள்.

அந்த வருஷம் அப்பா ஒரு பழைய சின்னக் கார் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதைத் தவிர அதற்கு வேலை கிடையாது. அத்தை ஓட்டக் கற்றுக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கப் போகிறேன் என்றாள். கோவில்பதாகையில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியிலிருந்து மூன்று பிள்ளைகள் சேர்ந்தார்கள். நான் நான்காவது, ஓசி. அப்பா தலையை ஆட்டினார். ஆனால் இது சரிப்பட்டு வராவிட்டால் பெரியப்பா சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. வெயிலுக்கு அது தெரியவில்லை. காரின் ஏசி நாங்கள் வாங்குவதற்கு முன்பே உயிரை விட்டிருந்தது. அதைச் சரிசெய்ய மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டு, அப்பா காரை ஒருமுறையும் மெக்கானிக்கை ஒருமுறையும் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார். முதல் வாரத்திலேயே, அடுக்குமாடிப் பிள்ளைகளில் சின்னவன் மிளகாய்ப்பழம் போலச் சிவந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் வீட்டு வாசலிலேயே படுத்துத் தூங்கிவிட்டான். அவன் அம்மா கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காக இங்கே வந்தவர். கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் சொல்வார். "அடுத்த வாரம் நானே ஒரு நாள் கூட வந்து பாக்கறேனுங்க. அப்பவும் இப்படித்தான்னா, ஏசி வேன்ல போட்டுர்றமுங்க."

அவன் போனால் மற்ற இருவரும் போவார்கள், மூவரும் போனால் கார் நிற்கும். கார் நின்றால் அத்தையின் பெட்டி கிளம்பும். இது மூன்றாம் வகுப்புக்காரிக்கே புரிந்தது.

அத்தை முதலில் ஈரத் துண்டுகளை ஜன்னல்களில் தொங்கவிட்டாள். நாங்கள் இட்லிகளாக வெந்து இறங்கினோம். அடுத்த நாள் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். லாரிகள் கிளப்பிய புழுதியில், பள்ளிக்குள் போனபோது எங்கள் வெள்ளைச் சட்டைகளை யாரும் வெள்ளை என்று ஒப்புக்கொள்ளவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தவளின் வீட்டுப்பாடத் தாள் ஒன்று பறந்து போய், அதற்கு அவள் வாங்கிய திட்டும் அத்தை கணக்கில் சேர்ந்தது.

சனிக்கிழமை அத்தை என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, செய்தித்தாளை ரிப்பன்போலக் கிழித்துக் கையில் கொடுத்தாள். காரின் ஃபேனைப் போட்டு, வெளிக்காற்று வரும் பக்கமாக லீவரைத் தள்ளினாள். ஒரு ஜன்னலைத் திறந்தால் முன்பக்கக் காற்றுத் துவாரத்தின் எதிரே தாள் ஆடியது. ஜன்னலை ஏற்றிவிட்டால் தொங்கிப் போனது. ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். எனக்கு அது விளையாட்டு. அவள் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"உள்ள வர்ற காத்துக்கு வெளிய போவ வழியே இல்லடி. அதான் வர மாட்டேங்குது" என்றாள் கடைசியில்.

டிக்கியைத் திறந்து பக்கவாட்டு அட்டையை நீக்கித் துழாவினாள். ஓரத்தில், காற்று வெளியேறுவதற்கென்று மெல்லிய ரப்பர் இதழ்கள் வைத்த ஒரு திறப்பு இருந்தது. அதற்குள் அப்பாவின் பழைய வேட்டி இருந்தது. இழுக்க இழுக்க வந்தது. மறுபக்கத்துத் திறப்பில் இன்னொரு வேட்டி.

இதைப் புரிந்துகொள்ள அப்பாவைத் தெரிந்திருக்க வேண்டும். அவர் தொழிற்சாலையில் ராணுவ டாங்கி செய்கிறவர். ஆற்றுக்குள் இறக்கினாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாத வண்டிதான் அவருக்கு வண்டி. என் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தலைகீழாக உதறிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார். கார் வந்த அன்றே அதில் எங்கெங்கே ஓட்டை என்று டார்ச் அடித்துத் தேடி, எலி வரும், தூசி வரும் என்று ஒவ்வொன்றாக அடைத்துவிட்டார். அதை முதலில் வாங்கியவர் சீட்டுகளிலிருந்து பிரிக்காமலே விட்டிருந்த கம்பெனி பிளாஸ்டிக் உறையை அந்தக் காரின் தலையாய சிறப்பு என்று எல்லோரிடமும் காட்டினார்.

அத்தை இரண்டு வேட்டிகளையும் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள்.

"இன்னாண்ணே இது? காரை ஆத்துல எறக்கப் போறியா?"

அப்பா வேட்டிகளைப் பார்த்தார். "எலி வந்தா நீதான் பதில் சொல்லணும்" என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே சீட்டின் பிளாஸ்டிக்கும் கழன்றது. அதை அவர் மடித்துப் பரண்மேல் வைத்த பக்குவத்தைப் பார்த்து அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. பழைய பருத்திப் போர்வைகளில் அத்தை புது உறை தைத்தாள். வாஷிங் மெஷினிலிருந்து தண்ணீர் வெளியேறுமே, அந்த நெளிநெளிக் குழாயில் சில துண்டுகள் வாங்கி, முன்பக்கத்துக் காற்றுத் துவாரங்களில் பொருத்தி, இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே பின்னால் கொண்டுவந்துவிட்டாள். யானைத் தும்பிக்கை என்று நாங்கள் பெயர் வைத்தோம். தும்பிக்கையிலிருந்து வந்தது குளிர்காற்று இல்லை, மரத்தடிக் காற்றுதான். ஆனால் நிற்காமல் வந்தது, முகத்தில் பட்டது.

பள்ளி விடும் நேரத்தில் இன்னொரு சடங்கும் நடந்தது. ஒரு பக்கத்து ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்துக் கதவைப் பிடித்து விசிறிபோலப் படபடவென்று ஆட்டுவாள். உள்ளே வெந்துகிடந்த காற்று அந்த ஜன்னல் வழியாக வெளியே ஓடும். "இன்னாக்கா, காரு பறக்கப் போவுதா?" என்று வாட்ச்மேன் சிரித்தார். மற்ற பிள்ளைகள் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பார்கள். நான் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஒரு காருக்கே விசிறிவிடுகிற அத்தை வேறு யாருக்கு இருக்கிறாள்?

கோயம்புத்தூர் அம்மா சொன்னபடியே ஒரு நாள் பள்ளி வாசலுக்கு வந்து, எங்களோடு பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார். புழுதி வராமலிருக்க ஜன்னல்கள் எல்லாம் ஏற்றியிருந்தன. லெவல் கிராஸிங்கில் ரயிலுக்காக நின்றபோது அத்தை கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீடு வந்ததும் அந்த அம்மா மகனின் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தன் கழுத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"பரவால்லீங்க. காத்து நல்லாத்தான் வருதுங்க" என்றார். பிறகு அத்தையைக் கவனித்து, "உங்களுக்கு வேர்க்கலீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு வேர்க்காதுங்க" என்றாள் அத்தை.

என் காதால் கேட்டேன். மறுநாள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அடுக்குமாடியிலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள், நாங்கள் மடிமேல் மடியாக உட்கார்ந்தோம். அப்பா தொழிற்சாலை நண்பர்களை அழைத்துவந்து டிக்கியைத் திறந்து ரப்பர் இதழ்களைக் காட்டி, காற்று எப்படி வெளியேற வேண்டும் என்று விளக்கினார். வேட்டி விஷயத்தைச் சொல்லவில்லை. பெரியப்பா காபி குடித்துவிட்டு மழை வருமா என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அத்தை அப்போதெல்லாம் கறுப்பில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி போட்ட சுடிதார்தான் போடுவாள். அதே துணியில் மூன்று நான்கு வைத்திருந்தாள். வெற்றி பெற்றவர்கள் அப்படித்தான் உடுத்துவார்கள்போல என்று நினைத்து, தீபாவளிக்கு எனக்கும் அதே துணிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். மாலையில் கார் வந்து நின்றதும் அம்மா ஒரு செம்பு நிறைய உப்புப் போட்ட மோரோடு வாசலில் நிற்பாள். அத்தை அதை நின்றபடியே குடித்து முடித்து, நேராகக் குளிக்கப் போவாள். அந்த மோர் அத்தைக்கு நாங்கள் காட்டும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து வருஷம் கழித்து நான் லைசென்ஸ் வாங்கிய புதிதில், அத்தை மணிக்கட்டைப் பிசகிக்கொண்டாள். அது மே மாதம், சிறப்பு வகுப்புக்குப் போன பிள்ளைகளைக் கூட்டிவர ஆளில்லை. அதே கார்தான், அதே தும்பிக்கைகள்தான். நான் கதவை விசிறினேன். புதுப் பிள்ளைகளோடு அத்தை பின்சீட்டில் உட்கார்ந்தாள். அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை. லெவல் கிராஸிங் வருவதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு கையால் துழாவி, காற்றை என் பக்கம் திருப்பப் பார்த்தேன். ஒவ்வொரு துவாரத்திலும் குழாய் இருந்தது. எல்லாக் குழாய்களும் பின்னால் போயின. ஓட்டுகிறவளுக்கென்று ஒன்றுகூட விட்டுவைக்கவில்லை. ஜன்னலை இறக்கலாம் என்று கையை வைத்தேன். ரயிலுக்காகக் காத்திருந்த லாரிகளின் புழுதி பின்சீட்டுக்குப் போகும் என்று கையை எடுத்துவிட்டேன்.

ஈரம் காட்டாத கறுப்புத் துணி, உப்பு பூத்தாலும் தெரியாத வெள்ளைப் புள்ளி, உப்பு மோர் எல்லாம் அந்த ரயில் கடந்து போவதற்குள் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. கண்ணாடியில் பார்த்தேன். அத்தை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, வேர்க்குதா?"

"எனக்கு வேர்க்காது அத்தை."

கேட் திறந்தபோது, பின்னாலிருந்து அவளுடைய துண்டு என் தோள்மேல் வந்து விழுந்தது.