மன்னிப்பு விட்டுத் தைத்த திரை

அம்மா திரைச்சீலைக் கடை திறந்தபோது நேர் எதிரிலேயே இன்னொரு திரைச்சீலைக் கடை இருந்தது. அங்கே எந்நேரமும் கூட்டம். அதை நடத்தியவர் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு கடை முழுக்கத் தேடுவார். அதனால் தெருவுக்கே அவர் கண்ணாடியக்கா. அம்மாவுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இவர் அவரை அக்கா என்பார், அவர் இவரை அக்கா என்பார். மூத்தவளாக இருக்க இருவருக்குமே மனமில்லை.

அம்மாவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, ஒரு மருத்துவமனையில் கட்டில்களைச் சுற்றித் தொங்கவிடும் திரைகள். கெட்டிப் பருத்தித் துணி. அளவில் இம்மியும் பிசகவில்லை. முதல் சலவை முடிந்ததும் மருத்துவமனை மேற்பார்வையாளர் ஒரு திரையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“திரை கேட்டா அரை டிராயர் தைச்சுக் கொடுத்திருக்கீங்களேம்மா! வெளிய நிக்கிறவங்களுக்கு உள்ள இருக்கிறவங்க காலெல்லாம் தெரியுது. அத்தனையும் திருப்பி அனுப்பறேன்.”

அத்தனையும் திரும்பி வந்தால் கடையை மூடவேண்டியதுதான். சத்தம் கேட்டுக் கண்ணாடியக்கா தெருவைக் கடந்து வந்தார். வேடிக்கை பார்க்க வருகிறார் என்றே அம்மா நினைத்தார். வந்தவர் திரையை வாங்கி அடிமடிப்பைப் புரட்டினார்.

“வெட்டறதுக்கு முன்னாடி துணிய நனைச்சீங்களாக்கா?”

“புதுத் துணிய எதுக்கு நனைக்கணும்?”

“நாம நனைக்கலேன்னா அவங்க நனைப்பாங்களே. அடியில மன்னிப்பும் விடல.”

“என்ன விடல?”

“மன்னிப்பு. மடிச்சு உள்ள வச்சுத் தைக்கிற கூடுதல் துணி. நாம தப்பு பண்ணினா அதுதான் கைகொடுக்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.” பிறகு மேற்பார்வையாளரிடம் திரும்பினார். “எல்லாத்தையும் கொடுத்தனுப்புங்க சார். கால் தெரியாம வரும்.”

“நீங்க யாரும்மா?”

“எதிர்க்கடை.”

மனிதர் குழம்பிப்போய்க் கிளம்பினார்.

கண்ணாடியக்காவிடம் நனைத்துக் காயவைத்த கருநீலத் துணி இருந்தது. அதை அகலக் கரையாக வெட்டி ஒவ்வொரு திரையின் அடியிலும் ஒட்டுப்போட்டார்கள். இரண்டு கடைத் தையல் மெஷின்களும் அருகருகே ஓடின. அம்மா கேட்டேவிட்டார்: “என் வேலைக்கு நீங்க ஏன்க்கா மாரடிக்கிறீங்க?”

“உங்க கடைய மூடிட்டா அந்த ஆளு நேரா என்கிட்டதான் வருவாரு. எனக்கு இருக்கிற வேலையே மூச்சு முட்டுது.” ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: “என் முதல் திரைங்களத் தரை துடைக்கத்தான் எடுத்துக்கிட்டாங்க. அப்ப எனக்கு எதிர்க்கடை இல்லக்கா.”

மாட்டிய திரைகளை மேற்பார்வையாளர் குனிந்து குனிந்து பார்த்தார். “முதல்லயே இப்படி அழகாத் தைச்சிருக்கக் கூடாதா?” அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணாடியக்கா அவர் கையைக் கிள்ளினார்.

நீலக் கரை கேட்டே பிறகு ஆட்கள் வந்தார்கள். கடை நிலைத்தது. மதியம் கூட்டம் குறைந்ததும் அம்மா எதிர்க்கடைக்குப் போய்விடுவார். எந்த ஜன்னலில் வெயில் விழும் என்று கேட்டுவிட்டுத்தான் துணியைக் காட்டவேண்டும், அவசரம் என்பவரிடம் முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லவேண்டும், எல்லாம் அங்கே உட்கார்ந்து பார்த்துக் கற்றது. மெஷின் முரண்டு பிடித்தால் மட்டும் கண்ணாடியக்கா இங்கே ஓடி வருவார். அதில் அம்மா கெட்டி.

அம்மாவின் மகள் வளர்ந்து, இயந்திரப் பாகங்கள் வரைகிற வேலைக்குப் போனாள். வரைபடத்தில் ஒவ்வொரு அளவுக்கும் இவ்வளவு கூடலாம், குறையலாம் என்று இடம் விடுவோம் என்று ஒருநாள் சொன்னாள். அம்மா வாசலுக்கே போய்க் கத்தினார்: “அக்கா, மெஷின்லயும் மன்னிப்பு விடறாங்களாம்!”

சில வருடங்களில் அம்மா இறந்துபோனார். மகள் குடிபோன புது வீட்டில் ஜன்னல்கள் உயரம். பழைய வீட்டுக்கு அம்மா தைத்துக் கொடுத்திருந்த திரை எட்டவில்லை. கண்ணாடியக்கா வந்து, தலைமேலிருந்த கண்ணாடியை ஒரே தடவையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அடிமடிப்பைப் பிரித்தார். உள்ளே மடித்திருந்த துணி வெயில் படாத நிறத்தில் இறங்கிக்கொண்டே வந்தது. ஜன்னலை மூடியும் மிஞ்சியது.

அவர் அதைக் கையால் நீவிவிட்டார்.

“பாரும்மா, எவ்வளவு விட்டிருக்கா என் தங்கச்சி.”