என் பல் போன இடம்

எங்கள் சித்தப்பா சிரித்து நான் பார்த்ததே இல்லை. நான் என்ன, அவரிடம் வேலை பார்த்த யாருமே பார்த்ததில்லை. திருப்பூரில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு சின்ன பனியன் கம்பெனி நடத்தினார்கள். வீட்டுக்குப் பின்கட்டிலேயே நிட்டிங் மெஷின்கள் ஓடும். அப்பா உள்ளே நுழைந்தால் பேச்சும் கேலியும் கூடவே நுழையும். சித்தப்பா நுழைந்தால் மெஷின் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். தோளில் கிடக்கும் துண்டின் முனையை வாயருகே பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். சின்ன முதலாளி ரொம்பக் கண்டிப்பு என்று ஆட்கள் பயந்தார்கள். நானும் பயந்தேன். அவர் வருவது தெரிந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

விஷயம் வேறு. அவருடைய மேல்வரிசை முன்பல்லில் சொத்தை விழுந்து, கரேலென்று ஒரு ஓட்டை இருந்தது. அது வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் தெரியும். வாயைத் திறந்தால் தெரிந்துவிடுமே என்று அவர் மூடி வைத்திருந்தார். ஊர் அதற்குக் கண்டிப்பு என்று பெயர் வைத்துவிட்டது. கம்பெனிக்கு அது சௌகரியமாக இருந்ததால் அப்பாவும் கண்டுகொள்ளவில்லை.

அந்த சௌகரியம் பல்லடத்தில் போய்க் கெட்டது. அங்கே தறி வைத்திருந்த ஒரு குடும்பத்தில் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. பெண்தான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தாள். "ஆளு நல்லாத்தான் இருக்காருங்க. ஆனா மூஞ்சிய அப்பிடி இறுக்கி வெச்சிருக்கறவரோட எப்பிடிங்க காலந்தள்றது? ஒருக்கா சிரிச்சுப் பாத்துட்டனா, சரின்னு சொல்லிர்றேன்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் ஒரு பெண் இப்படிக் கேட்டு அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. அப்பா தாம்தூம் என்று குதித்தார். "அந்தப் புள்ள கேட்டதுல என்னங்க தப்பு?" என்று அம்மா ஒரே கேள்வியில் அவரை உட்கார வைத்தாள். சித்தப்பா மட்டும் நூல் மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது என்று அம்மா பின்னாளில் சொன்னாள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், யாருக்கும் பயப்படாத சித்தப்பா எதற்கோ பயந்து போயிருக்கிறார் என்பதுதான்.

அதே சமயம் பார்த்து என் பல்லும் கிளம்பியது. கமர்கட்டு தின்றே என் முன்பக்கப் பால்பல் அரித்துப்போய், ஈறு வீங்கி, வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தேன். கோயமுத்தூரில் நல்ல பல் டாக்டர் இருக்கிறார், பல் நிறத்திலேயே ஓட்டையை அடைக்கிறார் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். ஒரே நடையில் இரண்டு வாயையும் முடித்துவிடலாம் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் என்னைத்தான் நாற்காலியில் ஏற்றினார்கள். நான் கத்துவதற்கு மூச்சை இழுத்து முடிப்பதற்குள் பல் வெளியே வந்துவிட்டது. கத்தலை வீணாக்க மனமில்லாமல், பல்லைக் கையில் கொடு என்று கத்தினேன். விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறிந்தால்தான் புதுப் பல் முளைக்கும். எங்கள் தெருவில் இது தெரியாத பிள்ளை கிடையாது. கம்பவுண்டரோ என் பல்லைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு உள்ளே எடுத்துப் போனார். "அது இங்கயே இருக்கட்டும் கண்ணு, எங்களுக்கு வேணும்" என்றார். அவர் என் வாயை அடைப்பதற்குச் சொன்ன சமாதானம் அது. நான் அதை அப்படியே நம்பிவிட்டேன்.

அடுத்து சித்தப்பா ஏறினார். டாக்டர் காலால் ஒரு பெடலை மிதிக்க, எங்கள் தையல் மெஷின் போலவே கயிறு ஓடி, நுனியில் ஊசி சுழன்றது. கறுப்பையெல்லாம் குடைந்து எடுத்து முடிந்ததும் அப்பா மெல்ல எழுந்து பக்கத்தில் போனார்.

"டாக்டருங்க, நல்ல வெள்ளையாப் போட்டு உடுங்க. எங்க சரக்கு வெள்ளைக்குப் பேர் போனதுங்க. வேணும்னா ரெண்டு சொட்டு நீலங்கூடக் கலந்துக்கலாம்."

சலவை முடிந்த பனியனை நீலத் தண்ணீரில் முக்கினால்தான் அது கண்ணைப் பறிக்கும். பல்லுக்கும் அதுதான் வைத்தியம் என்று அப்பா நம்பினார். டாக்டர் சிரித்துவிட்டு, சின்னச் சின்னப் போலிப் பற்கள் வரிசையாக மாட்டிய ஒரு பட்டையை எடுத்தார். அதில் ஒன்றுக்கொன்று நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருந்தது. நடுவில் ஒன்றைத் தொட்டு, இதுதான் பொருந்தும் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இருப்பதிலேயே வெள்ளையானதைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றார்.

"சரிங்க, நீங்களே வெச்சுப் பாருங்க" என்று டாக்டர் பட்டையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அப்பா அந்த வெள்ளைப் பல்லைச் சித்தப்பாவின் பல்லோடு ஒட்டிப் பிடித்தார். வெளிச்சம் போதவில்லை என்று, துணியை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பதைப்போல, சித்தப்பாவின் முகத்தைத் தாடையோடு ஜன்னல் பக்கம் திருப்பினார். உதட்டையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், "அட, இது கோராவல்லொ!" என்று கத்தினார்.

கோரா என்றால் சலவைக்குப் போகாத துணி. அதுவும் வெள்ளைதான், ஆனால் லேசாகப் பழுப்பு ஓடியிருக்கும். கோராவில் விழுந்த ஓட்டையைச் சலவை நூலால் மூடினால் தெருமுனையில் இருந்து பார்த்தாலும் தெரியும். திருப்பூரில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டாம். அப்பாவுக்குத்தான் பல் என்றதும் மறந்துபோயிருந்தது.

"கோராவுலயே போட்டுருங்க டாக்டருங்க" என்று பட்டையைத் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் முதலில் தொட்ட அதே பல்லைத்தான் கடைசியில் அப்பாவும் காட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் டாக்டர் வெள்ளைப் பொடியைக் கொட்டினார். ஏதோ ஒரு நீரைச் சொட்டு சொட்டாக விட்டுக் குழைத்தார். குழைத்ததைச் சித்தப்பாவின் பல்லில் அப்பி, பளபளப்பான தாள் ஒன்றால் இழுத்துப் பிடித்தார். அந்தப் பொடி எங்கிருந்து வந்தது என்று எனக்கு யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. உள்ளே போன என் பல் திரும்பி வரவில்லை. உள்ளே இருந்து பொடி வந்திருக்கிறது.

"இன்னிக்கு வாயைத் திறக்காதீங்க. அதுக்கு அப்பறமும் ரொம்ப நேரம் வாயைத் திறந்து வெச்சுக்கக் கூடாது, இது காஞ்சா வெடிச்சுரும்" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

பஸ்ஸில் நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "சித்தப்பா, என்ற பல்ல அரைச்சுத்தான் உங்களுக்கு வெச்சாங்களா?" சித்தப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார். வாயைத் திறக்கக் கூடாதென்பதால் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவிநாசியா என்று கண்டக்டர் கேட்டதற்கும் ஆட்டி, பிறகு அப்பா சொல்லிச் சீட்டைத் திருப்பூருக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த முகூர்த்தத்திற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் மறுபடி பல்லடம் போனோம். பல்லைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சொன்னதாக நான் நினைக்கவில்லை, ஏனென்றால் எனக்கு அந்த இடத்தில் பல்லே இல்லை.

அங்கே போய்ப் பார்த்தால், ஓட்டை போயிருந்ததே தவிர சித்தப்பா மாறவில்லை. டாக்டர் சொன்னதை ஆயுசுக்கும் விதித்த விதியாக எடுத்துக்கொண்டு, வாயை இறுக மூடி, துண்டு முனையோடு உட்கார்ந்திருந்தார். அப்பா தயார் பண்ணி வந்த ஒரு வேடிக்கையைச் சொன்னார். பெண்ணின் அப்பா மரியாதைக்குச் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. அப்பா இன்னொன்று சொன்னார். அதற்குப் பெண்ணின் அப்பாவும் சிரிக்கவில்லை. உள்ளறைக் கதவு ஓரத்தில் தெரிந்த பெண்ணின் பச்சைச் சேலை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்வதை அம்மா பார்த்துவிட்டாள். அம்மாவின் முகம் வாடிப்போயிற்று.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏங் கண்ணு, உன்ற முன்பல்லு எங்க?"

"சித்தப்பாவுக்குக் குடுத்துட்டனுங்க" என்றேன். புரியாத மாதிரி பார்த்தார். நான் விளக்கினேன். "அவுருக்கு முன்னாடி பெரிய ஓட்டைங்க, கருப்பா. டாக்டரு என்ற பல்ல அரைச்சு மாவாக்கி அடைச்சு உட்டுட்டாருங்க. அதுக்குத்தானுங்க அவுரு சிரிக்க மாட்டீங்கறாரு. சிரிச்சா என்ற பல்லு வெடிச்சுருமுங்க."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா உத்தரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. துண்டு நழுவி மடியில் விழுந்தது தெரியாமல், தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுக்கத் திறந்து சித்தப்பா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சிரித்தார். இத்தனை வருஷத்துச் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. எனக்கானால் பல் வெடித்துவிடப் போகிறதே என்று ஒரே பயம்.

உள்ளே இருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. பச்சைச் சேலை வெளியே வந்தது. வந்தவள் நேராகச் சித்தப்பா முன்னால் நின்று, "எந்தப் பல்லுங்க?" என்று கேட்டாள். சித்தப்பா உதட்டைத் தூக்கிக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"தெரியவே இல்லீங்களே!"

"கோராங்க அம்மிணி" என்றார் அப்பா, தானே கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி.

தறிக்காரர் வீட்டுப் பெண் அல்லவா, அவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தன் அப்பா பக்கம் திரும்பி, "சரிங்கப்பா" என்றாள். அவ்வளவுதான், கல்யாணம் முடிவாகிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் இருந்து வீடு வரைக்கும் சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தெருவே பார்த்தது. என் பல்லால் ஒரு கல்யாணம் நடக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மெஷின் சத்தத்தையும் மீறிச் சின்ன முதலாளியின் சிரிப்பு கேட்டதில், ஆட்கள் ஆளுக்கொரு மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அந்தக் காலத்து அடைப்பு நெடுநாள் நிற்காது. சித்தி வந்த இரண்டாம் வருஷமே ஓரமெல்லாம் கரைந்து, ஒரு தீபாவளி முறுக்கோடு கழன்று வந்துவிட்டது. என் பல்லைத் தொலைத்துவிட்டார் என்று நான் அழுது தீர்த்தேன். சித்தப்பா அந்தத் துணுக்கை என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, உன்ற பல்லு. ஓட்டு மேல எறிஞ்சுரு, புதுசு மொளைக்கும்" என்றார். சித்தியே சாணி உருண்டை பிடித்துக் கொடுத்தாள். எறிந்தேன். அது ஓட்டில் பட்டு நின்றதும் சித்தப்பா கைதட்டிச் சிரித்தார். கறுப்பு ஓட்டை பழையபடி பளிச்சென்று தெரிந்தது. சித்தி பார்த்தாள், ஆட்கள் பார்த்தார்கள். துண்டு தோளிலேயே கிடந்தது. என் பல்தான் போய்விட்டதே, இவர் இன்னும் எதை வைத்துச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.