பக்கத்து வீட்டையும் சேர்த்து எடுத்த காலை: புக்கிட் மேரா, சிங்கப்பூர்

சிங்கப்பூருக்கு எல்லோரும் ஊர் சுற்றப் போவார்கள். போன ஜூனில் நான் போனது, இன்னும் கட்டி முடிக்காத ஒரு வீட்டைத் தேர்ந்தெடுப்பதை வேடிக்கை பார்க்க! திருச்சியில் வாய்க்கால் கரைக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடு ஒதுக்கும் பொறியாளர் நான். புக்கிட் மேராவில் இருக்கும் பெரியம்மா மகள் ஸ்டெல்லா அக்கா, "எங்க பிளாக்கை இடிக்கப் போறாங்க. அடுத்த மாசம் புது வீடு செலக்ட் பண்ணணும், வந்து பாரு லா" என்றதும் டிக்கெட் போட்டுவிட்டேன்.

தங்கியது லிட்டில் இந்தியாவில். காலை 7.10க்குத் தேக்கா சந்தையில் தோசையும் கோப்பியும், ஐந்து வெள்ளி எழுபது காசு (டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்). பிறகு மெட்ரோ ரயிலில் ஊதாத் தடத்தில் ஊட்ரம் பார்க், அங்கே மாறிப் பச்சைத் தடத்தில் ரெட்ஹில். சுமார் ஆறு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம், கட்டணம் இரண்டு வெள்ளிகூட இல்லை.

அக்கா பள்ளிக்கூட கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறார். விடிவதற்குள் கிளம்ப வேண்டும். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கும் பீட்டர் அத்தானுக்கு மாத்திரை கொடுப்பது, மதியம் சோறு ஊட்டுவது எல்லாம் பக்கத்து வீட்டு ரோஹானி. ரோஹானி இல்லாத மாடிக்குப் போனால் அக்கா வேலையை விட வேண்டும். இல்லையென்றால் அத்தானை முதியோர் இல்லத்தில் விட வேண்டும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து விண்ணப்பித்து அடுத்தடுத்த வீடாகவே எடுக்க அங்கே வழி இருக்கிறது. இருவரும் அப்படித்தான் விண்ணப்பித்திருந்தார்கள். இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை.

வீடு தேர்ந்தெடுக்கும் அன்றைக்கு அத்தானைப் பார்த்துக்கொள்ள ரோஹானியின் மகள் விடுப்பு எடுத்தாள். நாங்கள் மூவரும் 9.30க்கு வீட்டு வசதிக் கழக அலுவலகத்தில் இருந்தோம். சுவரில் பெரிய திரை, அதில் வீடுகளெல்லாம் கட்டம் கட்டமாக. யாராவது எடுத்துவிட்டால் கட்டம் சிவப்பாகிவிடும். கிரிக்கெட்டின் கடைசி ஓவரில்கூட நான் இப்படி நகம் கடித்ததில்லை. இவர்கள் ஆசைப்பட்டது பத்தொன்பதாம் மாடி ஜோடி. 9.52க்கு அவை இரண்டும் சிவப்பு. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் எண் வந்தபோது அடுத்தடுத்து இருந்தது ஒரே ஜோடி. மூன்றாவது மாடி, எதிரே கார் நிறுத்தும் கட்டடம், மேற்கு வெயில். தனித்தனியாக எடுத்தால் அக்காவுக்கு இருபத்தொன்றாம் மாடி மூலை வீடு, ரோஹானிக்குப் பதினான்கு. பொறியாளர் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, இருபத்தொண்ணை எடுங்க! காத்து பிச்சுக்கிட்டு வரும்!"

ரோஹானியும் அக்காவின் தோளைத் தட்டினார். "டேக் லா, ஸ்டெல்லா. ஐ கம் பை லிஃப்ட். கேன் ஒன்." லிஃப்டில் வந்துவிடுவேன், அதெல்லாம் முடியும் என்கிறார்.

அக்கா என்னைத்தான் பார்த்தார். "காத்து நல்லாத்தான் வரும். மத்தியானம் அவருக்குச் சோறு ஊட்டுமா?"

பக்கத்து மேசையிலும் ஒரு குடும்பம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அதிகாரியிடம் திரும்பி, "தேர்ட் ஃப்ளோர். போத்" என்றார். இரண்டு கட்டங்களும் ஒன்றாகச் சிவந்தன. நான் விசில் அடித்துவிட்டேன்! காவலாளி முறைத்தார். ரோஹானி அழுதுகொண்டே சிரித்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடைவீதியோடு திரும்பிவிடாதீர்கள். பழைய புக்கிட் மேராவையும் புதிய பொங்கோலையும் ஒரே நாளில் பார்க்கலாம். மாலை ஐந்து மணிக்கு ஏதாவது ஒரு பிளாக்கின் கீழ்த்தளத்தில் உட்காருங்கள். யார் யாரைக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று தெரியும். வீட்டு வாசல்களைப் படம் எடுக்காதீர்கள். குடை அவசியம்.

எங்கள் ஊரில் நான் மேடையேறி, பிளாஸ்டிக் டிரம்மைச் சுற்றிச் சீட்டு எடுத்துத்தான் வீடு கொடுக்கிறேன். துளியும் பாரபட்சம் கிடையாது என்று பெருமை வேறு. ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போன பெண்களை நான்கு பிளாக்குகளுக்குப் பிரித்து அனுப்பியதும் அதே டிரம்தான். நினைக்க வெட்கமாக இருந்தது. சாங்கி விமான நிலையத்திலிருந்தே உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டு, அடுத்த குலுக்கலைத் தள்ளி வைக்கச் சொன்னேன்.

"எல்லாம் ரெடியா இருக்கே, எதுக்கு மேடம்?"

"விண்ணப்பத்துல ஒரு கேள்வி விட்டுப்போச்சு தம்பி. பக்கத்து வீட்ல யார் வேணும்னு நாம கேக்கவே இல்ல."