சம்பந்தி வீட்டோடு கப்பல் சாப்பாடு

அவரை எல்லோரும் டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்து முன்பதிவுக் கவுண்டரில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவர். எந்த வண்டி எங்கே நிற்கும், அதை விட்டால் எதைப் பிடிக்கலாம் என்று கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்து விழும். அவர் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஊருக்கே மாஸ்டர். பக்கத்து இருக்கையிலிருந்து அவர் "பிரேக்!" என்று போடும் சத்தத்தில் நடந்து போகிறவர்கள்கூட நின்றுவிடுவார்கள்.

போன வருடம் மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்லத் தேறின. தொண்டை தேறவில்லை. தண்ணீர் குடித்தால் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கப் பார்த்தது. மருத்துவமனையில் ஒரு பொடி கொடுத்தார்கள். தண்ணீரோ காபியோ, அதைக் கலந்து கூழ் பதத்துக்குக் கொண்டுவந்த பிறகே கொடுக்க வேண்டும். சாப்பாட்டை மசிக்க வேண்டும். மோவாயை நெஞ்சில் அழுத்திக்கொண்டு விழுங்க வேண்டும். அப்படியும் இருமுவார், வாயோரம் வழியும். வீட்டாரைத் தவிர யார் முன்னாலும் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். "சம்பந்தி வீட்டுக்கு மட்டும் தெரியக் கூடாது, மாப்பிள்ளைக்கும்தான்" என்று மனைவியிடமும் மகளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சம்பந்திதான் கப்பல் பயணத்துக்கு, மகன் மருமகள் உட்பட எல்லோருக்குமாகச் சேர்த்துப் பதிவு செய்துவிட்டு, பிறகு போன் செய்தார்.

டயர் கடை வைத்திருப்பவர். சாப்பாட்டுப் பிரியர். தனக்குப் பிடித்ததை அடுத்தவர் தட்டில் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ரகம். கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும் முன்பே திட்டம் போட்டாகிவிட்டது. "காலையில மேல் தளத்துல. அங்க நாமே எடுத்துப் போட்டுக்கலாம். ராத்திரி கீழ பெரிய ஹால்ல, மேஜைக்கு வந்து பரிமாறுவாங்க. நாளைக்கு மீன் சுடுற இடம். எல்லா வேளையும் ஒண்ணாதான், சொல்லிட்டேன்!"

டிக்கெட்டக்கா சிரித்துத் தலையாட்டினார். உள்ளே வேறொரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மேல் தளத்தில் கூட்டம் வருவதற்கு முன் கஞ்சியும் அவித்த முட்டையும் எடுத்து அறைக்குக் கொண்டுவந்துவிடலாம். மதியம் எல்லோரும் நீச்சல் குளத்தருகே இருப்பார்கள். அப்போது பின்பக்கத்துச் சிற்றுண்டிச் சாலையில் ஆள் இருக்காது. இரவுக்கு அறைக்கே சூப் வரவழைத்து, அதில் கிடக்கும் காய்த்துண்டுகளை வடித்துவிட்டுப் பொடி கலக்கலாம்.

முதல் இரவு, கப்பல் ஆட்டத்தில் இவருக்குத் தலைசுற்றல் என்றார். மறுநாள், மாத்திரை போட்டதால் பசியில்லை என்றார். மூன்றாம் நாள் மதியம், ஆளில்லாத சிற்றுண்டிச் சாலையின் தூணோரம் மாஸ்டருக்கு மசித்த உருளைக்கிழங்கை ஊட்டிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சம்பந்தியம்மா போனார். நின்றார். மேஜையில் கிண்ணங்கள் இருப்பதைப் பார்த்தார். தூண் மறைத்ததால் மாஸ்டரின் முதுகு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் மகள் அறைக்கு ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அத்தை காலையிலேருந்து நல்லாத்தான் இருந்தாங்க. இப்போ மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டேங்கறாங்க. 'எங்களோட உட்கார்ந்தா பசிக்கல, தனியா உட்கார்ந்தா பசிக்குதா? டயர் கடைக்காரங்க கூடச் சாப்பிட்டா கௌரவம் கொறஞ்சிடுமா?'ன்னு கேக்கறாங்கம்மா. நான் என்ன சொல்லட்டும்? உண்மையைச் சொல்லிடவா?"

பெண்ணைக் கொடுத்த வீடு. டிக்கெட்டக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

மாஸ்டர் படுக்கையிலிருந்து எழுந்து சட்டையை மாட்டினார். "சொல்ல வேணாம். நான் வரேன். ஒரு வேளை சமாளிக்க மாட்டேனா?"

"என்னங்க, விளையாட்டா?"

"வரேன்னு சொன்னேன்ல!" பழைய சத்தத்தில் பாதி வந்தது. மீதி இருமலாகிவிட்டது.

டிக்கெட்டக்கா அடுத்த நிமிடமே கீழ்த் தளத்துக்குப் போய்ச் சாப்பாட்டு ஹாலின் மேற்பார்வையாளரைப் பிடித்தார். கணவருக்கு வேகவைத்த மீன், முள் பார்த்து, மசித்து வர வேண்டும். தண்ணீர்க் கோப்பையைத் தன்னிடம்தான் வைக்க வேண்டும். அவருக்கு வலப்பக்கத்து இடம் தனக்கு வேண்டும். அந்த மனிதர் ஒரு கேள்வியும் கேட்காமல், "பாத்துக்கறேம்மா" என்றார்.

இரவு மாஸ்டரைக் கண்டதும் டயர் கடைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். சம்பந்தியம்மா மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டே "வாங்க" என்றார். தட்டுகள் வந்தன. டிக்கெட்டக்கா மேஜைக்குக் கீழே மடியில் கோப்பையை வைத்துப் பொடியைக் கலக்கினார். மாஸ்டர் ஒவ்வொரு வாய்க்கும் தலையைக் குனிந்தார். பார்ப்பவர்களுக்கு யோசனையில் இருப்பவர் போலத் தெரிந்தது. பேச்சு வந்தால் மகள் குறுக்கே புகுந்து பதில் சொன்னாள். மீன் பாதி இறங்கியது. மாஸ்டரின் நெற்றியில் வேர்வை. இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று டிக்கெட்டக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஐஸ்கிரீம் வந்தது. ஐஸ்கிரீம் ஆகாது. பார்க்கத்தான் கட்டி, வாய்ச் சூட்டில் தண்ணீராகிவிடும். மாஸ்டரின் கிண்ணத்தை டிக்கெட்டக்கா தன் பக்கம் இழுப்பதற்குள் டயர் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். கையில் தன் கிண்ணமும் கரண்டியும்.

"சம்பந்தி, நாங்க ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. கோபம் போச்சுன்னா என் கையால ஒரு வாய்."

கரண்டி மாஸ்டரின் வாயருகே நின்றது. சம்பந்தியம்மா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாம்" என்று டிக்கெட்டக்கா சொன்னார். சத்தம் வெளியே வரவில்லை. மாஸ்டர் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் மார்பு குலுங்கியது. இருமல் வெடித்தது, நிற்கவில்லை. முகம் கறுத்துக்கொண்டு வந்தது, கை மேஜை விரிப்பைப் பிடித்து இழுக்க, கோப்பைகள் சரிந்து உடைந்தன. டிக்கெட்டக்கா அவரை முன்னால் சாய்த்துப் பிடித்தபடி கத்தினார்: "டாக்டரைக் கூப்பிடுங்க! அவருக்குத் தொண்டை சரியில்ல! பக்கவாதம் வந்ததுலேருந்தே சரியில்ல!"

சத்தியம் அங்கே, அத்தனை பேர் நடுவில் போயிற்று.

கப்பல் மருத்துவர் மாஸ்டரின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை வைத்து, நுரையீரலில் சளி கட்டுகிறதா, காய்ச்சல் வருகிறதா என்று மறுநாள் முழுக்கப் படுக்கவைத்துப் பார்த்தார். வெளியே நாற்காலியில் டயர் கடைக்காரர் தன் வலது கையை வெறித்தபடி உட்கார்ந்திருந்தார். சம்பந்தியம்மா டிக்கெட்டக்காவிடம் வெடித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவர் கரண்டியத் தூக்கியிருப்பாரா? ஏதாவது ஆகியிருந்தா அந்தப் பாவத்தை நாங்க எங்க போய்க் கழுவறது? அப்படி என்ன அந்நியமாப் போயிட்டோம்?"

"தப்புதான்" என்றார் டிக்கெட்டக்கா. "அவர் வெக்கப்பட்டார். நானும் சேர்ந்து மறைச்சுட்டேன்."

சம்பந்தியம்மா சமாதானமாகவில்லை. ஆனால் மாலையில் காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் எங்கோ போய் ஒரு கிண்ணம் கஞ்சியோடு வந்து, "இந்தப் பதம் போதுமா, இன்னும் கெட்டியா வேணுமா?" என்று விறைப்பாகக் கேட்டார்.

கடைசி நாள் இரவு மாஸ்டர் தானாகவே பெரிய ஹாலுக்குப் போக வேண்டும் என்றார். எல்லோரும் பார்க்கவே மேஜையில் வைத்துப் பொடி கலந்தார்கள். அவர் குனிந்து விழுங்கினார், இருமினார், வாயைத் துடைத்துக்கொண்டார். மற்ற மேஜைகள் காலியாகிவிட்டன. டயர் கடைக்காரரின் தட்டு மட்டும் வந்தது வந்தபடி இருந்தது.

"சாப்பிடுங்க சம்பந்தி" என்றார் மாஸ்டர். "நீங்க இப்படி என்னையே பாத்துட்டிருந்தா எனக்கு எப்படி இறங்கும்?"

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தான். டயர் கடைக்காரர் சிரிக்க முயன்று அழுதுவிட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆறிப்போன மீனைப் பிட்டு வாயில் போட்டார்.