குழாய்க்குத் தனக்கா

ஞானமுத்து குழாய் இணைப்பின்மேல் தனக்காவைத் தடவிக் காயும்வரை வாயால் ஊதுவார். ரங்கூன் பெண்கள் கன்னத்தில் பூசும் அதே மரப்பட்டைக் குழம்புதான். பற்றவைத்த இடத்தில் ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் காய்ந்த பூச்சில் ஈரம் கறுத்துத் தெரியும். குழம்பு மனைவி மக்தலேனாவின் டப்பாவிலிருந்து வருவது. "என் மூஞ்சிக்குக் கொஞ்சம், ஒங்க குழாய்க்கு மிச்சமெல்லாம்," என்பாள்.

"குழாயப் பொண்ணு பாக்க வர்றாங்களா, கோ ஞானமுத்து?" என்று, பர்மியர் அண்ணனை அழைக்கும் 'கோ'வைப் போட்டு, மோட்டார் படகான லாஞ்சு ஓட்டும் பொன்னுத்துரை சீண்டுவார்.

ரங்கூன் ஆற்றின் டாலா கரையில் படகுக் குழாய்களைப் பற்றவைப்பது ஞானமுத்துவின் பிழைப்பு. கண் எப்போதும் சிவந்திருக்கும். வலது முழங்கையில் பழைய தீக்காயம். அணுசக்தி நீர்மூழ்கிகள்மேல் அவருக்கு ஒரு பக்தி. "மாசக்கணக்கா மேல வராது. சத்தமில்லாம விரட்டிப்போய் இன்னொரு நீர்மூழ்கியவே அடிக்கும். அத்தன குழாயிலயும் ஒரு சொட்டு ஒழுகாது!" 1963 ஏப்ரலில் அமெரிக்கர்களுடையது ஒன்று அட்லாண்டிக்கில் மூழ்கியபோதும், "ஓட்டுனவன் தப்பு," என்று முடித்துவிட்டார்.

ஜூனில் ஒரு காலை, படகுத்துறைத் தேநீர்க்கடையில் குமாஸ்தா மைக்கேல் பத்திரிகையை விரித்தார். "அந்த நீர்மூழ்கி விசாரணை முடிஞ்சிருச்சு அண்ணே. குழாய் இணைப்பு ஒண்ணு விட்டிருக்கலாமாம். தண்ணி பீச்சியடிச்சு மின்சாரம் கெட்டு, அணு உலை நின்னுபோயிருக்கும்ங்கறாங்க. மேல ஏறச் சக்தியில்ல. நூத்தி இருபத்தொம்பது பேரு."

"எந்த இணைப்பு?"

"அது யாருக்குத் தெரியும்?"

சூடான தேநீர் ஞானமுத்துவின் தொடையில் கொட்டியது; அவருக்கு உறைக்கவில்லை. நேற்று மாலை பொன்னுத்துரையின் லாஞ்சில் எல்லா இணைப்புக்கும் பூசினார், எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த ஒன்றைத் தவிர. கை எட்டவில்லை. ஸ்பானரால் தட்டிப் பார்த்து, "சரியாயிருக்கு," என்று சொல்லிவிட்டார்.

துறையில் அதே லாஞ்சு சங்கு ஊதியது. எதிர்க்கரையில் இருக்கும் பபேடான் கடைத்தெருவுக்குப் போக மக்தலேனா அதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"கயித்த அவுக்காத!"

"ஆளு ரொம்பியாச்சு கோ ஞானமுத்து, மழ வேற வருது!" என்று கத்தினார் பொன்னுத்துரை.

ஞானமுத்து பாய்ந்து ஏறி, இயந்திரத்தைச் சுழற்றும் கைப்பிடியைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சட்டையைக் கழற்றி எறிந்தார். அப்போதுதான் நினைவு வந்தது: டப்பா வீட்டில்.

மனைவியின் முன்னால் வந்து நின்றார்.

"என்னங்க இது, எல்லாரும் பாக்குறாங்க..."

அவர் காதில் வாங்கவில்லை. அவள் கன்னத்தில் இன்னும் காயாத தனக்காவைக் கட்டைவிரலால் அழுத்தி வழித்தார். அந்த விரல் எதிலும் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்தபடி, தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே தோளைத் திணித்தார்.