மெடிக்கல் போர்டில் ஃபிட்டர் அண்ணன்

"ஐயோ, போதும், கையை விடுங்க!" என்று டாக்டர் கத்தியது இன்றும் என் காதில் இருக்கிறது. சேலத்தில் மெடிக்கல் போர்டு கூடிய அறை. மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தன் கையை நீட்டி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு அழுத்திப் பிடிக்கச் சொன்னார். எங்கள் மில்லின் ஃபிட்டர் அண்ணன், இரண்டு விரல் போன வலது கையில் மிச்சமிருந்த விரல்களைக் கொண்டே அவர் கையை நசுக்கிவிட்டார். அதோடு நிற்காமல் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில், அன்றும் இன்றும் எனக்கு டைம் ஆபீசில் வேலை. வருகை, பிடித்தம், காப்பீடு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஓடும் மிஷினில் சிக்கி அண்ணனின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போனபோது, வைத்தியத்தையும் வேலைக்கு வராத நாட்களுக்கான தொகையையும் தொழிலாளர் காப்பீடே பார்த்துக்கொண்டது. அடுத்து, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு குறைந்தது என்று மெடிக்கல் போர்டு மதிப்பிட வேண்டும். அதை வைத்துத்தான் ஆயுள் முழுக்க மாதாமாதம் உதவித்தொகை. இதை நான் அவரிடம் விளக்காத நாளில்லை. "வேலை போகாதுங்கண்ணா. வேலையும் பாக்கலாம், இதுவும் வரும்" என்பேன். "செரி அம்மிணி" என்பார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரியும்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் வேலை செய்கிற இடத்தில் "முடியுமா?" என்று யார் கேட்டாலும் "அதுக்கென்னங்க" என்பதுதான் பதில். முடியாது என்பவனை அடுத்த முறை யாரும் கூப்பிடமாட்டார்கள். அண்ணன் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அப்படியே பழகியவர். முடியாதவன் என்று மூன்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் மில் கேட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்பதுதான் அவருடைய பயம். அந்தப் பயத்தில், ஆயுசுக்கும் வரவேண்டியதைத் தன் கையாலேயே நசுக்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் விரல்களை உதறிக்கொண்டே கேட்டார், "எந்த வேலை செய்யச் சிரமமா இருக்கு?"

"ஒண்ணும் சிரமமில்லீங்க. முன்ன மாதிரியேதானுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள், கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி உள்ளே வந்துவிட்டார். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாத அக்கா அவர்.

"சாமி, அவரு சொல்றத எழுதிப்போடாதீங்க. சட்டைப் பொத்தானை நாந்தானுங்க போட்டு உடறேன். சோத்தைப் பெசைய முடியாம கரண்டிலதான் சாப்புடறாரு. ஊட்டுல ஒரு ஸ்குரூவை எடுக்க வராம, ஆருமில்லைன்னு நெனச்சு அழுதாருங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் போய்விட்டது, அழுகைதான் வந்தது. டாக்டர் ஒரு குண்டூசியை மேசைமேல் வைத்து, "எடுங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அண்ணன் முயன்று பார்த்தார். ஊசி நழுவி நழுவிப் போயிற்று. கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டு, "வரமாட்டேங்குதுங்க" என்றார்.

உதவித்தொகை வந்தது. வேலையும் போகவில்லை, நுணுக்கமான ரிப்பேரை வேறொருவரிடம் விட்டு, உதிரிபாக ஸ்டோரை அண்ணன் பொறுப்பில் கொடுத்தார்கள். மாதம் பிறந்து பணம் வந்ததும் அக்கா எனக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தனுப்புவார். அண்ணனோ அந்தப் பணத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார். அது ஏதோ அக்காவுக்கு வருகிற பணம் போல நடந்துகொள்வார். நாங்களும் கிண்டல் செய்து ஓய்ந்துவிட்டோம்.

போன வாரம் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருத்தி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மிஷினில் மாட்டி அவளுக்குக் கட்டைவிரல் மடங்குவதில்லை. போர்டுக்குப் போகவேண்டும். வழக்கமான விளக்கத்தை நான் தொடங்கியதுமே, "ஸ்டோர்ல அண்ணன் எல்லாம் சொல்லிட்டாருங்க்கா" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"'உள்ள போயி வீரம் காட்டாத சாமி. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. எனக்கே முடியாது'ன்னாருங்க."

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. அவளை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.